பெங்களூரு – ஓசூர்: ஒரே பெருநகரமா, துணை நகரமா, இரட்டை நகரமா? மனுவில் எதைக் கேட்பது?

எல்லைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியில். எனக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டி, மனைவிக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை. யாருக்கும் பாரபட்சம் வேண்டாம் என்று நடுவில் வீடு பார்த்தோம். காலை ஆறரை ஏழு மணிக்கு ஹைவே ஓரம் நின்றால் ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். டிவைடருக்கு அந்தப் பக்கம், அதே வேகத்தில் பெங்களூரிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்கள். இரண்டிலும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஆட்கள். தினமும் இத்தனை பேரை எதிரும் புதிருமாக ஏற்றி இறக்குவதற்குப் பதில் வீட்டை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்பாள் மனைவி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லேஅவுட்டில் நாலைந்து பேர் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்று உட்கார்ந்தோம். இந்தப் பகுதி எப்படி வளர வேண்டும் என்று நாமும் சொல்லிவைப்போமே என்று. உட்கார்ந்த பிறகுதான் ஆளுக்கொரு ஊர் மனதில் இருப்பது தெரிந்தது.

ஒருவர், அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா எல்லாவற்றையும் கிரேட்டர் பெங்களூரில் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தால்தான் காவிரித் தண்ணீர் வருமாம். இன்னொருவருக்கு சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு, அதாவது துணை நகரங்களை இணைக்கிற வெளிவட்டச் சாலை, முடிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அவர் ரியல் எஸ்டேட் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாமவர், ஓசூரும் பெங்களூரும் இரட்டை நகரம், மெட்ரோவை ஓசூர் வரை இழு என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே போடாகப் போட்டார். பெங்களூரு இனி ஓர் அங்குலம்கூட வளரக் கூடாது, தும்கூரும் மைசூரும் ஹூப்ளியும் வளரட்டும் என்று.

மனுவை பெங்களூரில் கொடுப்பதா சென்னையில் கொடுப்பதா என்பதிலேயே பாதி ராத்திரி போய்விட்டது. நகரத் திட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த நாலில் எது உருப்படி?


மாரிக்குப்பம்:

தம்பி, உங்கள் நாலு பேரும் புதிதாக எதையும் சொல்லவில்லை. உலகம் முழுக்க நகரத் திட்டக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இதே நாலைத்தான் திருப்பித் திருப்பிச் சண்டை போடுகிறார்கள். நான் படித்த பெரிய ஆள் கிடையாது. பெங்களூரில் ஒரு தனியார் பிளானிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாஸ்டர் பிளான் படங்களுக்கு வண்ணம் தீட்டியே ஆயுசு போனது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகண்ணிக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்கும் விவசாயத்துக்கும் பச்சை.

முதலில் அந்தப் படத்தில் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆனேக்கல் தாலுகா தாளை விரித்தால் வடமேற்கில் பொம்மசந்திராவும் ஜிகணியும் ஊதா. ஹைவே இருபக்கமும் மஞ்சள் கீழிறங்கி அத்திப்பள்ளி வரை வரும். அங்கே மாநில எல்லைக்கோடு. கோட்டுக்கு அப்பால் வெள்ளைத் தாள், அதில் குறுக்கே ‘தமிழ்நாடு’ என்று ஒரு வார்த்தை. ஒரு வீடு கிடையாது, ரோடு கிடையாது. ஹைவேகூடக் கோட்டிலேயே அறுந்து நிற்கும். ஓசூரில் போட்ட படத்தைப் பார்த்தால் இந்தப் பக்கம் வெள்ளை. உங்கள் மனைவி தினமும் போய் வருவது அந்த வெள்ளைத் தாளுக்குள்தான். சரி.

இப்போது உங்கள் நாலு பேர்.

சேர்த்துக்கொண்டே போகலாம் என்பவருக்குக் கஷ்டமான செய்தி. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியான பி.பி.எம்.பி.யைக் கலைத்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் 5 மாநகராட்சி ஆக்கினார்கள். ஆக்கியது பழைய எல்லைக்குள்தான். எலெக்ட்ரானிக் சிட்டிகூட இன்றைக்கும் தனித் தொழில் நகரிய ஆணையம். ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி எல்லாம் தனித்தனி நகரசபை, புரசபை (சிறு நகராட்சி). சேர்த்தால் தண்ணீர் வரும் என்பதையும் கொஞ்சம் விசாரியுங்கள். பெங்களூரோடு 110 கிராமங்களைச் சேர்த்தது 2007-ல். அவர்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தது 2024 அக்டோபரில்.

துணை நகரம், சுற்றிலும் பசுமை வளையம் என்பது இங்கிலாந்துக்காரன் யோசனை. எபினேசர் ஹோவர்ட் 1898-ல் எழுதியது, 1944-ல் அபர்குரோம்பி லண்டனுக்குப் போட்ட திட்டத்தில் முழு உருவம் பெற்றது. ஊரை ஓரிடத்தில் நிறுத்து, சுற்றிலும் வயலை விடு, அதைத் தாண்டிப் புதிய ஊர்களைக் கட்டு. நம் பெங்களூரின் 1984 திட்டத்திலும் பசுமை வளையம் இருந்தது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பச்சைக்கு ஒரு தனி பாட்டில் மை தேவைப்பட்டது. 1995-ல் பச்சை சுருங்கியது, 2007-ல் இன்னும் சுருங்கியது. அடுத்த திட்டத்துக்கான வரைவு 2017-ல் வந்து 2020-ல் வாபஸ் ஆகிவிட்டது. அதனால் 2007-ல் 2015-க்கு என்று போட்ட படத்தை வைத்துத்தான் ஊர் இன்னும் ஓடுகிறது. வளையம் போனது யாரோ வில்லன் ஒருவரால் இல்லை. வளையத்துக்குள் நிலம் வைத்திருந்த விவசாயிக்கு மஞ்சள் என்றால் ஒரு விலை, பச்சை என்றால் ஒரு விலை. அவருக்கு ஈடாக எதையும் தராமல் நீ மட்டும் பச்சையாக இரு என்றால் யார் இருப்பார்கள்?

துணை நகரங்களின் கதையும் அதேதான். 2006 வாக்கில் பிடதி, ராமநகரம், சோலூர், சாத்தனூர், நந்தகுடி என்று ஐந்து பெயர் சொன்னார்கள். பிடதி இப்போது மறுபடி வந்திருக்கிறது, 9,000 ஏக்கர் அளவில், விவசாயிகள் போராடுகிறார்கள். அதற்கும் முன்னால் 1997-ல் பெங்களூரு–மைசூரு காரிடார் ஒப்பந்தம். எக்ஸ்பிரஸ்வேயும் வழியில் ஐந்து டவுன்ஷிப்பும் என்றார்கள். நகரத்தைச் சுற்றிய நைஸ் ரோடு வந்தது, டவுன்ஷிப் வரவில்லை. 2023-ல் மைசூருக்குத் திறந்த எக்ஸ்பிரஸ்வே வேறு கணக்கு, அது தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போட்டது.

ரிங் ரோடு நண்பரிடம் நான் சண்டைக்கு வரவில்லை. சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு சுமார் 280 கிலோமீட்டர், அதில் 45 கிலோமீட்டர் போல தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறது. சென்னையிலிருந்து புனே போகிற லாரி ஊருக்குள் நுழையாமல் போனால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் காலையில் அத்திப்பள்ளியிலிருந்து வளையத்தின் அந்தக் கோடியில் இருக்கிற தாபஸ்பேட்டைக்குப் போகிற ஆள் உங்கள் லேஅவுட்டில் எத்தனை பேர்? ரிங் ரோடு லாரிக்கு வழி, சைட் விற்பவருக்கு விளம்பரம். வேலைக்குப் போகிறவன் வட்டமாகப் போவதில்லை, நேராகப் போகிறான்.

இதில்தான் நான் ஒரு கட்சி. கோபன்ஹேகன்காரர்கள் 1947-ல் விரல் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். உள்ளங்கை பழைய ஊர். விரல் ஒவ்வொன்றும் ஒரு ரயில் பாதை, ஸ்டேஷனைச் சுற்றி மட்டும் வீடும் கடையும். விரலுக்கு நடுவில் இருக்கிற இடம் வயலாகவே இருக்கும். நம் பகுதியை யாரும் அப்படி வரையவில்லை, ஆனால் அது பாதி அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. நான் சொல்வதற்குச் சாட்சி என் ஊர்.

நான் கோலார் தங்கவயல்காரன். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அடுத்து என்ன என்று எந்தத் திட்டத்திலும் எங்கள் ஊருக்கு ஒரு வரி இல்லை. பெங்களூரு பெருநகரப் பகுதி வளர்ச்சி ஆணையம் 1985 சட்டத்தில் வந்தது, 8,000 சதுர கிலோமீட்டர், மூன்று மாவட்டம். கோலார் அதற்குள் கிடையாது. வரைபடத்தில் நாங்களும் வெள்ளைத் தாள்தான். ஆனால் வெள்ளைக்காரன் சுரங்கத்துக்காகப் போட்ட ரயில் பாதை இருந்தது. மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன் கிளம்பும் வண்டி. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டிபன் கேரியரோடு கூட்டம் ஏறும். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் கதவில் தொங்கும். பெட்டிக்குள் ஒரு மூலையில் சீட்டாட்டம், ஒரு மூலையில் பஜனை, பெண்கள் பூ கட்டி முடித்துவிடுவார்கள். ஒயிட்ஃபீல்டில் ஒரு கும்பல் இறங்கும், கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு கும்பல், கண்டோன்மென்ட்டில் ஒரு கும்பல். செக்யூரிட்டி, ஃபிட்டர், நர்ஸ், கணக்கெழுதுகிறவர், எல்லாம் சீசன் டிக்கெட். நானும் பல வருஷம் அதில்தான் வந்து போனேன். ஊர் காலியாகாமல் இருந்ததற்கு அந்த வண்டிதான் காரணம். யாரும் துணை நகரம் என்று பெயர் வைக்காத ஊர் ஒன்று இருக்கிற தண்டவாளத்தை வைத்துப் பெங்களூரின் துணை நகரமானது. நிலம் எடுத்துப் பெயர் வைத்துப் பலகை நட்ட ஊர்கள் ஆகவில்லை.

(ஒரு பழைய பெருமை. 1902-ல் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905-ல். வசதி எங்கே முதலில் போகிறதோ ஊர் அங்கே போகும் என்பது எங்கள் தாத்தாவுக்கே தெரியும்.)

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கருத்து கேட்க நன்றாக இருக்கிறது. மைசூரும் ஹூப்ளியும் வளரட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் அதற்காக இங்கே ஏற்கெனவே வந்துவிட்டவன் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பது குறையாது.

ஓசூர் மட்டும் இந்த நாலிலும் அடங்காத கேஸ். துணை நகரம் என்றால் காலையில் ஆள் ஒரு பக்கமாகப் போய் மாலையில் திரும்ப வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பக்கமும் பஸ் நிறைந்து ஓடுகிறது என்று. அங்கே லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்தபோது எலெக்ட்ரானிக் சிட்டியில் முக்கால்வாசி வெறும் நிலம். அதனால் என் கணக்கில் இது இரண்டு முனையிலும் கனமுள்ள ஒரு விரல். நடுவில் ரயில் வேண்டும். மெட்ரோ வரட்டும், வராமல் போகட்டும், ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது.


ஜூஜூவாடி:

ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் எங்களை யாரும் விரல் என்று சொல்ல வேண்டாம். உள்ளங்கை எப்போதும் பெங்களூராகவும் விரல் எப்போதும் நாங்களாகவும் இருப்பது எந்த ஊர் நியாயம்?

நான் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், ஜூஜூவாடியில் பிறந்து வளர்ந்தவன். ஓசூர் 2019-லேயே மாநகராட்சி. எங்களுக்கு வேண்டியது எங்களுக்கென்று ஒரு திட்டம். பெங்களூருக்குப் படுக்கையறையாக இருக்க நாங்கள் விண்ணப்பம் போடவில்லை. பெங்களூரில் வாடகை ஏறினால் ஒரு வருஷத்தில் எங்கள் ஊரிலும் ஏறுகிறது, சம்பளம் மட்டும் ஓசூர் சம்பளமாகவே இருக்கிறது. ரோஜாத் தோட்டமும் குடைமிளகாய் ஷெட்டும் இருந்த இடத்தில் இப்போது ‘எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 20 நிமிடம்’ என்று பலகை. இருபது நிமிடத்தில் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிக் காட்டட்டும்.

பெங்களூரு எங்களுக்கு அனுப்புவதில் ஒன்று மட்டும் தவறாமல் வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேர்கிற சாக்கடை தென்பெண்ணையில் இறங்கி கெலவரப்பள்ளி அணைக்கு வரும். மழை பெய்து ஷட்டரைத் திறந்தால் ஆற்றில் நுரை ஆளுயரத்துக்கு நிற்கும். தரைப்பாலத்தின் மேல் ஏறி ரோட்டை மூடிவிடும். பைக்கில் போகிறவன் நுரைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெள்ளை ஆளாக வருவதைப் பார்த்திருக்கிறேன். நாற்றம் கேட்கவே வேண்டாம். அதே தண்ணீரை வாய்க்காலில் விட்டுத்தான் கீழே பயிர் செய்கிறார்கள். உங்கள் நாலு திட்டத்திலும் இந்த நுரைக்கு ஒரு வண்ணம் உண்டா ஐயா?

ஏர்போர்ட்டையும் சொல்லிவிடுகிறேன். ஓசூருக்கு ஒரு விமான நிலையம் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு சட்டசபையில் அறிவித்தார்கள், 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிய பன்னாட்டு விமான நிலையம் வரக் கூடாது என்று இருக்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசினால் இந்தப் பகுதி முழுவதற்கும் இரண்டாவது விமான நிலையம் எங்கே என்று முடிவாகியிருக்கும். தனித்தனியாகப் பேசுவதால் அங்கே ஒரு தேடல், இங்கே ஒரு தேடல்.

ரயில் பற்றி ஒரு சந்தேகம். சிப்காட்டில் ஷிப்ட் காலை 6, மதியம் 2, இரவு 10. இரவு பத்தரைக்கு ஸ்டேஷனுக்கு வந்தால் எந்த வண்டி நிற்கிறது? ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எது? கம்பெனி பஸ் வீட்டு முனையில் இறக்கிவிடுகிறது.


நொய்டா தமிழன்:

டெல்லிப் பக்கம் இந்தச் சண்டையை நாற்பது வருஷமாகப் பார்க்கிறோம், அதனால் இரண்டு வரி.

மாநில எல்லையைத் தாண்டித் திட்டம் போட இங்கே ஒரு சட்டமே இருக்கிறது. 1985-ல் தேசியத் தலைநகர்ப் பகுதித் திட்ட வாரியம் வந்தது. நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு தானாகச் செய்ய முடியாது. அரசியல் சாசனத்தின் 252-ஆம் பிரிவின்படி ஹரியானா, உ.பி., ராஜஸ்தான் மூன்று சட்டசபைகளும் சம்மதித்துத் தீர்மானம் போட்ட பிறகு நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் நினைத்தால் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. நினைப்பார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காவிரியை வைத்துக்கொண்டு ஒரே மேஜையா என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

வாரியம் வந்தால் எல்லாம் சரியாகும் என்றும் நினைக்காதீர்கள். தலைநகர்ப் பகுதிக்குள் இருந்தால் கடன் கிடைக்கும் என்று ஆளாளுக்கு மாவட்டத்தைச் சேர்க்கச் சொல்லி இன்று 55,000 சதுர கிலோமீட்டர். கர்னாலும் முசாபர்நகரும்கூடத் தலைநகர்ப் பகுதி. பெரியவர் சொன்ன ‘வேறு ஊர் வளரட்டும்’ கட்சியும் இங்கே உண்டு, எதிர்க் காந்த நகரங்கள் என்று குவாலியர், பரேலி, கோட்டா, ஹிசார், பாட்டியாலா எல்லாவற்றுக்கும் பட்டம் கொடுத்தார்கள். அவற்றால் டெல்லிக்கு வருகிற கூட்டம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. ஜனங்கள் உண்மையில் கண்ணால் பார்த்த மாற்றம் மீரட் பாதையில் ஓடும் நமோ பாரத் ரயில். அதன் முதல் 17 கிலோமீட்டர் 2023 அக்டோபரில்தான் ஓட ஆரம்பித்தது. எனக்கு மாரிக்குப்பம் ஐயா கட்சிதான்.


அல்சூர் அக்கா:

எல்லோரும் லண்டன், கோபன்ஹேகன், டெல்லி என்று போய்விட்டீர்கள். பெங்களூரே இரண்டு ஊராக இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லையா?

இந்தப் பக்கம் மைசூர் மகாராஜாவின் பேட்டை. அந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் கண்டோன்மென்ட், அல்சூரும் சிவாஜி நகரும் நம் ஜனங்களும் அதில். நடுவில் கப்பன் பார்க். இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனி வரி, போலீஸும் தனி. எங்கள் பாட்டி மெஜஸ்டிக் பக்கம் போவதை ‘சிட்டிக்குப் போறேன்’ என்றுதான் கடைசிவரை சொன்னாள். இரண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-ல்.

ஆனால் அதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே இரண்டு ஊருக்கும் குழாய்த் தண்ணீர் ஒரே ஹெசரகட்டா ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொடி வேறு, தண்ணீர் ஒன்று. அதனால் ஓசூரும் பெங்களூரும் ஒரே ஊரா இரண்டு ஊரா என்று இப்போதே தீர்த்துக்கொள்ள என்ன அவசரம்? ஜூஜூவாடி தம்பி சொன்ன நுரையை இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்த, ஒரு மாநகராட்சியாக ஆக வேண்டிய அவசியம் இல்லை. பெங்களூரு சாக்கடையைச் சுத்திகரித்து கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து கோலார் ஏரிகளுக்கு 2018-லிருந்து அனுப்புகிறார்கள். அதே மாநிலத்துக்குள் என்பதால் அனுப்ப முடிந்தது. எல்லை தாண்டினால் மட்டும் நுரையாகத்தான் போக வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுகிற எல்லோரும் ஆபீஸ் போகிறவர்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண் சர்ஜாபுராவிலிருந்து வருகிறாள். அவளுக்கு மெட்ரோவும் இல்லை, ரயிலும் இல்லை, கம்பெனி பஸ்ஸும் இல்லை. இரண்டு பஸ் மாறுகிறாள். விரலுக்கு நடுவில் வயலாகவே இருக்கும் என்று மாரிக்குப்பம் அண்ணா எழுதியிருக்கிறார். அந்த நடுவில்தான் வாடகை குறைவு என்று ஏழைகள் போய்க் குடியிருக்கிறார்கள் அண்ணா.


எல்லைவாசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஜூஜூவாடி கட்சி. ஷிப்ட் முடிந்து இரவில் வருகிறவளுக்குத்தான் தெரியும் என்கிறாள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் ஓசூர் ஆட்டோ ஜூஜூவாடி தாண்டி வராது, பெர்மிட் இல்லை. பார்டரில் இறங்கி நடந்து வந்து இந்தப் பக்கம் கர்நாடக ஆட்டோ பிடிக்க வேண்டும். கேப் கூப்பிட்டால் மாநிலம் விட்டு மாநிலம் என்று தனி ரேட். என் பைக்கோ டி.என். 70, ஓசூர்ப் பதிவு. போலீஸ் நிறுத்தும்போதெல்லாம் கர்நாடக வரி கட்டினாயா என்று கேள்வி.

இரண்டு சந்தேகம் பாக்கி. மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதே, அதை அப்படியே ஓசூருக்கு நீட்டினால் ரயில் பிரச்சினையே முடிந்ததே, ஏன் ஐயா மெட்ரோவை அவ்வளவு லேசாகத் தாண்டிவிட்டீர்கள்? இரண்டாவது, கடைசியில் மனு யாருக்கு?


மாரிக்குப்பம்:

முதலில் அல்சூர் அம்மாவுக்கு. நீங்கள் சொன்னதை நான் மறுக்க முடியாது. கோபன்ஹேகனில் விரலுக்கு நடுவே வயல் இருப்பதற்கு ஒரு காரணம், விரலுக்குள்ளேயே எளியவர்களுக்கும் வீடு கட்டியது. இங்கே ஸ்டேஷன் வரும் என்ற பேச்சு வந்தாலே சைட் விலை ஏறி, யாருக்காக ரயில் வருகிறதோ அவன் இன்னும் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிறான். ஸ்டேஷனைச் சுற்றி வாடகைக் குடியிருப்புக்கென்று அரசாங்கம் நிலத்தை முன்னாலேயே ஒதுக்காவிட்டால் என் விரல் திட்டமும் பணக்காரன் திட்டம்தான். சர்ஜாபுராவுக்கு நல்ல பஸ் வேண்டும், அதற்கு மாற்று கிடையாது.

ஜூஜூவாடி தம்பி, விரல் என்ற பேச்சு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவோம், இரண்டு முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று தனித் திட்டம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்தத் திட்டத்தின் படத்திலும் அத்திப்பள்ளி வெள்ளையாக இருக்கக் கூடாது. இரண்டு ஊர்ப் படத்தையும் எல்லையில் ஒட்டினால் ரோடும் வாய்க்காலும் நேருக்கு நேர் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. நுரைக்கு வண்ணம் உண்டா என்று கேட்டீர்கள். நான் ஆற்றுக்கு நீலம்தான் தீட்டினேன், அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது மெட்ரோ. மஞ்சள் லைன் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் இன்னும் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிக்கல் கரண்டில் இருக்கிறது. பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது கம்பியில் 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. தமிழ்நாட்டுத் தரப்பு நினைத்தது சென்னை மெட்ரோ மாதிரி தலைக்கு மேல் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ஒரே வண்டி இரண்டிலும் ஓடாது. இணைப்பு சாத்தியமில்லை என்று பெங்களூரு மெட்ரோ சொல்லிவிட்டது. கரண்ட் ஒரு காரணம். ஓசூருக்கு மெட்ரோ போனால் வேலையும் முதலீடும் அங்கே போய்விடும் என்று இங்கே எதிர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது இன்னொரு காரணம். வந்தாலும் பொம்மசந்திராவில் இறங்கி வண்டி மாற வேண்டும். அதற்குக் காத்திருந்தால் உங்கள் மனைவி ரிட்டயர் ஆகிவிடுவார்.

ரயில் பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. பெங்களூரு–ஓசூர் பாதை மின்மயம் ஆகிவிட்டது. பையப்பனஹள்ளியிலிருந்து ஓசூர் வரை 48 கிலோமீட்டர் இரட்டைப் பாதை வேலை எடுத்திருக்கிறார்கள். புறநகர் ரயில் திட்டத்தில் ராஜானுகுண்டேயிலிருந்து சுமார் 47 கிலோமீட்டர் வருகிற கனகா பாதை ஹீலலிகேயில் நிற்கிறது. உங்கள் சந்தாபுராவுக்குப் பக்கம். அதை ஓசூர் வரை நீட்டு என்ற கோரிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதையும் எழுதுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கு ஓடுகிற மெமு (குறுந்தூர மின்சார ரயில்) வண்டிகளைக் கூட்டு என்று கேட்பதற்குப் புதிதாக ஒரு சென்ட் நிலம் வேண்டியதில்லை.

யாருக்கு மனு என்ற கேள்விக்கு வருகிறேன். ஓசூர் ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருந்தாலும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகிறது. இந்த ஊர்களில் எல்லைக்கோடே தெரியாத அலுவலகம் அது ஒன்றுதான். அவர்கள் படத்தில் அத்திப்பள்ளிக்கு அப்பால் வெள்ளைத் தாள் இருக்காது, ஓசூர் யார்டு இருக்கும். அதனால் முதல் பிரதி கோட்ட ரயில்வே மேலாளருக்கு, பெங்களூரில். பெருநகரம், இரட்டை நகரம் என்றெல்லாம் எழுதினால் அது நம் வேலை இல்லை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். சிப்காட் ஷிப்ட் 6, 2, 10 என்று எழுதுங்கள். அதற்கு அரை மணி முன்னால் ஓசூர் வந்து சேர ஒரு வண்டி, முடிந்து முக்கால் மணி கழித்துக் கிளம்ப ஒரு வண்டி. இரவு வண்டியில் பெண்கள் பெட்டிக்குப் போலீஸ். எந்தக் கம்பெனியிலிருந்து எத்தனை பேர் ஏறுவார்கள் என்று மனைவியை விட்டு அங்கே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். தங்கவயலில் நாங்கள் வண்டி நேரம் மாற்றக் கேட்டபோதெல்லாம் சீசன் டிக்கெட் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

இரண்டாவது பிரதி இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஆட்டோவுக்கும் நகரப் பேருந்துக்கும் எல்லைப் பெர்மிட் தளர்வு. பத்து கிலோமீட்டர் போதும். அதிகமாகக் கேட்டால் வராது.

நுரையைத் தனி மனுவாகப் போடுங்கள், அதை இதில் கலக்காதீர்கள். ஜூஜூவாடி தம்பி எழுதட்டும், நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து கையெழுத்துப் போடுங்கள். கர்நாடக விலாசத்தோடு நாலு கையெழுத்து இருந்தால் அதற்கு மரியாதை வேறு.


ஜூஜூவாடி:

எழுதுகிறேன் ஐயா. ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி வருகிறேன், எல்லைவாசி அண்ணா வீடு எங்கே என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஆட்டோ வராது, பைக்கில்தான்.